மண்புழுவின் ஒப்புதல் வாக்குமூலம்

ஒரு காட்டில், மரங்கள் முடிந்து வயல்கள் தொடங்குகிற ஓரத்தில், பாதாளம் என்று ஒரு மண்புழு வாழ்ந்துவந்தது. அதற்குக் கண் கிடையாது, காது கிடையாது, பொய் சொல்லவும் தெரியாது. காது இல்லாதது எப்படிப் பேச்சைக் கேட்டது என்று கேட்பீர்கள். இது நீதிக்கதை, அந்தச் சலுகை எங்களுக்கு உண்டு.

பாதாளம் தன் உறவினர் நானூற்றுப் பதினொரு பேரோடு, கார்மேகம் என்ற எருமையின் கேழ்வரகு வயலில் குடியிருந்தது. எல்லோரும் காலையில் மண்ணைத் தின்பார்கள். மாலைக்குள் அதை முன்பைவிட நல்ல மண்ணாகத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். போகிற வழியெல்லாம் துளை போடுவதால் பெய்கிற மழை நேராக உள்ளே இறங்கிவிடும். கார்மேகத்துக்கு இதெல்லாம் தெரியாது. தன் வயல் தண்ணீரை நன்றாகக் குடிக்கும் ராசியான வயல் என்று நினைத்துக்கொண்டிருந்தது.

அந்த ஆண்டு சிங்கராஜாவுக்கு வெயில் தாங்கவில்லை. பிடரி வியர்த்தது. அக்கம்பக்கத்துக் காட்டு ராஜாக்களும் வியர்த்துப்போய்த்தான் இருந்தார்கள். எல்லோரும் ஒரு மாநாடு கூட்டினார்கள். பூமியிலிருந்து கிளம்புகிற சில வாயுக்கள் மேலே போய்ப் போர்வை போலப் போர்த்திக்கொள்வதால்தான் இந்தச் சூடு என்று அங்கே ஒரு வயதான ஆந்தை விளக்கியது. அப்படியானால் வாயு விடுபவர்களைக் கண்டுபிடித்து நிறுத்துவது என்று கையெழுத்தானது. ராஜாக்களை அளக்க முடியாது. யானையை அளக்க, வாயு பிடிக்கும் பெட்டி போதாது. ஆகவே வயல்களை அளப்பது என்று முடிவானது.

அதற்கு ஒரு அலுவலர் இருந்தது. கொண்டலாத்திப் பறவை. தலையில் கொண்டை, நீண்ட அலகு, கக்கத்தில் கோப்பு. பெட்டியைக் கவிழ்த்து மண்ணில் வைக்கும். அரைமணி நேரம் காத்திருக்கும். பெட்டியின் மேல் ஒரு முள் இருக்கும். முள் பச்சையில் நின்றால் நல்ல வயல். சிவப்பில் நின்றால் அந்த நிலத்தைப் பறித்து, ராஜா புரளுவதற்கான மைதானமாக ஆக்கிவிடுவார்கள்.

இங்கே அந்தக் காட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மேலதிகாரி வருகிறார் என்றால் புழுதி பறக்கக் கூடாது. வழியெல்லாம் தண்ணீர் தெளித்து வைப்பார்கள். முயல் காதை நனைத்து உதறும். குரங்கு வாளியில் கொண்டுவந்து ஊற்றும். கார்மேகத்துக்கு மரியாதை கொஞ்சம் அதிகம். அது முதல்நாளே வாய்க்கால் மடையைத் திறந்து வயல் முழுவதையும் ஊறப்போட்டுவிடும்.

இதனால் கொண்டலாத்தி, வேலைக்குச் சேர்ந்த பதினோரு ஆண்டுகளில், காய்ந்த மண்ணைக் கண்ணால் கண்டதே இல்லை. காட்டில் எப்போதும் நல்ல மழை என்று ஒவ்வோர் அறிக்கையிலும் முதல் வரியாக எழுதிவந்தது.

கார்மேகத்தின் வயலில் பெட்டியை வைத்தார்கள். மண் சொதசொதவென்று இருந்தது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் முள் சிவப்பில் நின்றது.

பெட்டியில் சிக்கியது நைட்ரஸ் ஆக்சைடு என்ற வாயு. அதற்குச் சிரிப்பூட்டும் வாயு என்றும் பெயர் உண்டு. வயலில் இருந்த யாரும் சிரிக்கவில்லை.

"எங்கிருந்து வருகிறது?" என்று கொண்டலாத்தி கேட்டது.

கார்மேகம் பயத்தில் பெரிய ஏப்பம் ஒன்று விட்டது. அதுவும் வாயுதான், அதுவும் போர்வைதான். ஆனால் கொண்டலாத்தியிடம் இருந்தது வயலுக்கான படிவம். எருமைக்கு அதில் கட்டம் இல்லை.

இதற்குள் மண்ணுக்குள் தண்ணீர் நிறைந்து மூச்சு முட்டியதால் மண்புழுக்கள் ஒவ்வொன்றாக மேலே வந்துகொண்டிருந்தன. கொண்டலாத்தி கொண்டையை விரித்துப் பார்த்தது. விதிப்படி இரண்டு மாதிரிகளை எடுத்துக்கொண்டது. ஆய்வகம் தூரத்தில் இல்லை, அதன் கழுத்துக்குக் கீழேயே இருந்தது. பிறகு அலகைத் துடைத்துக்கொண்டு கேட்டது.

"உங்களுக்குப் பொறுப்பு யார்?"

"நான்தான் மேடம். பாதாளம்" என்றது மண்புழு.

"ஆணா, பெண்ணா?"

"ரெண்டும்தான் மேடம்."

"ஒரு கட்டத்தில்தான் டிக் போட முடியும். விடுங்கள். உங்கள் வயிற்றிலிருந்து வாயு வருகிறதா?"

அந்தக் காட்டில் வயிறு உள்ளவர்கள் எத்தனையோ பேர். அதுவரை யாரும் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னதில்லை. ஆனால் பாதாளத்துக்குப் பொய் வராது என்று முதலிலேயே சொன்னேன்.

"வருது மேடம். எங்க குடலுக்குள்ள காத்து போகாது. அங்க கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உசுருங்க இருக்கு. அதுங்க விடுறதுதான். மண்ணு பதமா இருந்தா அளவோட வரும். இப்படி ஊறப்போட்டா ரொம்ப வரும். எங்க வயிறு மட்டும் இல்ல மேடம், இந்த மண்ணே விடும். கார்மேகம் அண்ணாச்சி யூரியாவ வேற அள்ளி அள்ளிப் போடுதாவ. நீங்க வராத நாள்ல ஒருதரம் வந்து பாருங்க, முள்ளு இந்தப் பக்கமே வராது."

கொண்டலாத்தி கவனமாகக் கேட்டது. படிவத்தில் அந்தக் கேள்விக்கான கட்டம் சிறியது. 'ஆம்' என்ற சொல் மட்டும் கொண்டது. மீதிக்கு இடம் இல்லை.

நோட்டீஸ் வந்தது. பதினைந்தாம் நாள் மறுஅளவீடு. அன்றும் முள் சிவப்பில் நின்றால், வாயுவை ஒப்புக்கொண்டவர்களை வயலிலிருந்து வெளியேற்ற வேண்டும். வெளியேற்றாவிட்டால் வயல் ராஜாவுக்கு.

பாதாளத்தின் கூடப்பிறந்த ஈரம்மை அதைக் கேட்டதும் சுருண்டுவிட்டது. "நாம எங்க போவோம்? மேட்டுல வெயிலு. காட்டுக்குள்ள எறும்பு. இந்த மண்ண இப்படி ஆக்க எத்தன காலம் ஆச்சு!"

"ஒண்ணும் போக வேண்டாம். அண்ணாச்சிட்ட பேசிட்டு வாரேன்" என்றது பாதாளம்.

கார்மேகம் வாய்க்கால் ஓரத்தில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. பாதாளம் அதன் மூக்குக்குக் கீழே வந்து தலையை நீட்டியது. தலை எது வால் எது என்று கார்மேகத்துக்கு எப்போதுமே குழப்பம். பேச்சு வருகிற பக்கத்தைப் பார்த்துக்கொண்டது.

"அண்ணாச்சி, அந்தம்மா வாற அன்னைக்குத் தண்ணி விடாதிய."

கார்மேகம் அசைபோடுவதை நிறுத்தியது. "தண்ணி விடாமலா? அவிய கொண்டையில புழுதி படிஞ்சா என்ன நெனப்பாவ? எங்க அம்மைய ஏசுவாவ, பிள்ளைய வளத்த லட்சணத்தப் பாருன்னு."

"ஒரே ஒரு நாள் மரியாத இல்லாம இருங்க அண்ணாச்சி. யூரியாவையும் இந்த ரெண்டு வாரம் நிப்பாட்டுங்க. எங்க குடி தப்பிச்சிரும். உங்க வயலும் தப்பிச்சிரும்."

"அப்ப மண்ணு எப்படி இருக்கணும்?"

"கையில அள்ளிப் பிடிச்சா உருண்டையாகணும். தட்டுனா உதிரணும்."

"எனக்குக் கை இல்லையே."

"எனக்கும் இல்ல அண்ணாச்சி. நான் சொல்லுதேன், நீங்க நம்புங்க."

கார்மேகம் மூன்று நாள் யோசித்தது. எருமை மூன்று நாள் யோசிப்பது சாதாரண விஷயம் இல்லை. நான்காம் நாள் சரி என்று தலையாட்டியது. அந்தப் பதினைந்து நாளும் பாதாளத்தின் குடும்பம் வயல் முழுக்கப் புதுத் துளைகள் போட்டது. பழைய தண்ணீர் இறங்கியது. மண் புட்டுக்குப் பிசைந்த மாவு போலப் பதமாக வந்தது.

குறித்த நாளில் கொண்டலாத்தி வந்தது. வழியில் புழுதி பறந்தது. கொண்டையில் படிந்தது. கார்மேகம் வெட்கத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றது. பெட்டியைக் கவிழ்த்தார்கள். அரைமணி நேரம் போனது. முள் பச்சையில் நின்றது.

கொண்டலாத்தி பெட்டியை அலகால் தட்டியது. முள் அசையவில்லை. பெட்டியை வேறு இடத்தில் வைத்தது. அங்கேயும் பச்சை. கீழே நானூற்றுப் பத்து மண்புழுக்களும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு சந்தோஷப்பட்டன. சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கே இந்த இடத்தில் கதையை முடித்துவிடலாமா என்று இருந்தது. உண்மை வெல்லும் என்று ஒரு நீதியைப் போட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

கொண்டலாத்தி ஒரு பிடி மண்ணைக் காலால் கிளறிப் பார்த்தது. முகர்ந்தது. அதன் முகம் மாறியது.

"இந்த மண்ணுக்கு என்ன செய்தீர்கள்?"

"ஒண்ணும் செய்யல மேடம். இதுதான் அதோட நெலம" என்றது பாதாளம்.

"பதினோரு ஆண்டு சர்வீஸில் இப்படி ஒரு மண்ணை நான் பார்த்ததில்லை. எந்த வயலுக்குப் போனாலும் மண் ஈரமாகத்தான் இருக்கும். அதுதான் இயல்பு நிலை. இங்கே யாரோ ஈரத்தை அப்புறப்படுத்தியிருக்கிறார்கள். இது தடயத்தை அழித்த குற்றம்."

"மேடம், நீங்க வாறீயன்னுதான் எல்லாரும் தண்ணி..."

"பேச்சை நிறுத்துங்கள். மண்ணை உடனே இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள்."

இதைக் கேட்டதும் கார்மேகத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டு வாரமாக மனதை அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கியது. துள்ளிக்கொண்டு ஓடி மடையைத் திறந்தது. திறந்த கையோடு, வழக்கமான விருந்தோம்பலில், ஒரு மூட்டை யூரியாவையும் வீசியது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. மறுநாள் பெட்டியை வைத்தார்கள். முள் சிவப்பின் கடைசிக் கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது.

"பார்த்தீர்களா?" என்றது கொண்டலாத்தி. அதன் குரலில் கோபம் இல்லை. தன் பெட்டி பழுதாகவில்லை என்ற நிம்மதிதான் இருந்தது.

படிவத்தைக் கார்மேகத்தின் முன்னால் நீட்டியது. மண்புழுக்களை வெளியேற்றச் சம்மதம் என்ற இடத்தில் குளம்பு வைக்க வேண்டும்.

"அண்ணாச்சி" என்று பாதாளம் கூப்பிட்டது.

கார்மேகம் அதைப் பார்க்கவில்லை. "நான் என்ன செய்ய, பாதாளம்? எனக்கு இருக்கது இந்த ஒரு வயலு" என்றது. குளம்பை மையில் தோய்த்து வைத்தது. பிறகு மனக்கஷ்டத்தில் ஒரு நீண்ட ஏப்பம் விட்டது. அதை யாரும் அளக்கவில்லை.

வெளியேற்றும் பணி மைனாக்களுக்குக் கொடுக்கப்பட்டது. மண்புழுவை எடுப்பதில் அவற்றுக்குப் பல தலைமுறை அனுபவம் உண்டு. பாதாளத்தையும் சேர்த்து நானூற்றுப் பத்துப் பேரை வயலில் அலகில் ஏற்றினார்கள். இருநூறு அடி தள்ளி இருந்த மேட்டு வரப்பில் முப்பத்தேழு பேரை இறக்கினார்கள். மீதி எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மைனாக்கள் தாங்களாகவே நேர்மையாக, படிவத்தில் 'வழிச் சேதாரம்' என்ற கட்டத்தில் ஒவ்வொருவர் பெயரையும் எழுதிக்கொடுத்தன. அதில் ஈரம்மையின் பெயர் ஏழாவதாக இருந்தது.

நீதிக்கதை சொல்பவன் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் வருகிறது. நகைக்கடையில் சேதாரம் என்றால் பவுனுக்கு எத்தனை என்று ஆயிரம் கேள்வி கேட்கிறோம்.

பாதாளம் வரப்பில் ஒரு நாள் முழுக்க அசையாமல் கிடந்தது. பிறகு வெயில் தாங்காமல் மண்ணைத் தின்னத் தொடங்கியது. வேறு வேலை அதற்குத் தெரியாது.

வயலில் என்ன நடந்தது என்றால், துளைகள் தூர்ந்தன. மண் இறுகியது. கேழ்வரகு ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளாகி, படுத்துவிட்டது. மூன்றாம் முறை கொண்டலாத்தி தொடர் ஆய்வுக்கு வருவதாகத் தகவல் வந்தது. கார்மேகம் வழக்கம்போல மடையைத் திறந்தது. தண்ணீர் பாய்ந்தது. ஆனால் இறங்கவில்லை. குடிக்க ஆள் இல்லாத வயலில் அது அப்படியே நின்றது. முழங்கால் அளவு ஆனது. தவளைகள் குடும்பத்தோடு வந்துவிட்டன.

கொண்டலாத்தி பெட்டியைக் கவிழ்த்து வைத்தது. பெட்டி மிதந்தது.

கொண்டலாத்தி விதிப்புத்தகத்தைப் புரட்டியது. பெட்டி மண்ணில் நிற்கும் இடம் வயல் என்றும், பெட்டி மிதக்கும் இடம் நீர்நிலை என்றும் அதில் தெளிவாகப் போட்டிருந்தது. நீர்நிலைகளின் வாயு வேறு துறை. அந்தத் துறையில் ஒரு நாரை இருந்தது. அது ஓய்வு பெற்றபின் ஆள் போடவில்லை. ஆகவே கொண்டலாத்தி தன் படிவத்தில் எழுதியது: 'வயலிலிருந்து வெளியாகும் வாயு: இல்லை.'

தண்ணீருக்கு அடியிலிருந்து குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. அதையும் பார்த்தது. மீனாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டது.

அரசவையில் அறிக்கை படிக்கப்பட்டது. ஒரே பருவத்தில் ஒரு வயலின் வாயுவை அடியோடு ஒழித்த முதல் அலுவலர் என்று கொண்டலாத்திக்கு இரண்டாவது கொண்டை அணிவிக்கப்பட்டது. இதையே எல்லா வயலிலும் செய்யலாம் என்று சிங்கராஜா ஆணையிட்டது. பிறகு வியர்த்தது. அந்த அறிக்கையாலேயே விசிறிக்கொண்டது.

கார்மேகத்துக்கு வயல் போய்விட்டது. ஆனால் முழங்கால் அளவு சேற்றுத் தண்ணீர் கிடைத்திருந்தது. எருமைக்கு அதைவிட என்ன வேண்டும்? மூக்கு மட்டும் தெரிய அதில் கிடந்தது. சந்தோஷமாகவே இருந்தது, பசிக்கும் வரைக்கும். பசித்ததும் எழுந்து கரையேறி, நாலுபக்கமும் பார்த்தது. அந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்தில் பச்சை தெரிந்தது. அந்த மேட்டு வரப்பு.

கார்மேகம் போய் ஒரு வாய் புல்லை மேய்ந்தது. அடியில் அதிர்வு உணர்ந்து பாதாளம் சற்று மேலே வந்தது.

"நல்லாருக்கு பாதாளம். பாலு மாதிரி இருக்கு. இந்த மண்ணுக்கு என்ன போடுதிய?"

பாதாளம் தலையை மண்ணுக்குள் இழுத்துக்கொண்டது.

"எம்மேல கோவமா?"

"ஆமா அண்ணாச்சி" என்றது பாதாளம். "மேயுங்க. வேரோட இழுக்காம மேயுங்க."

கார்மேகத்துக்குக் கண் கலங்கியது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. அப்போது வானத்தில் இரண்டு கொண்டைகளோடு ஒரு பறவை தெரிந்தது. சுற்றிலும் பழுப்பாக இருக்க, நடுவில் இது மட்டும் பச்சையாக இருந்தால் அதிகாரியின் கண்ணில் படாமல் இருக்குமா?

கார்மேகம் பழக்கதோஷத்தில் தண்ணீர் கொண்டுவர ஓடியது. வாய் நிறைய அள்ளிக்கொண்டு திரும்பி வருவதற்குள் கொண்டலாத்தி இறங்கி, பெட்டியைக் கீழே வைத்து, படிவத்தைப் பிரித்துவிட்டது. கார்மேகம் வாயில் தண்ணீரோடு, கன்னம் உப்பி நின்றது. தெளிக்கவும் முடியவில்லை. துப்பவும் முடியவில்லை. புல்லைப் பார்த்தது, அதிகாரியைப் பார்த்தது. வாழ்க்கையில் முதல்தடவையாக, மரியாதையை விழுங்கிவிட்டது.

கொண்டலாத்தி குனிந்து வரப்பைப் பார்த்துக் கேட்டது. "உள்ளே யாராவது இருக்கிறீர்களா?"

உள்ளே முப்பத்தேழு பேர் இருந்தார்கள். முப்பத்தாறு பேரும் பாதாளத்தின் பக்கம் திரும்பினார்கள். பாதாளம் ஒருமுறை சுருங்கி, ஒருமுறை நீண்டது. நான் முதலில் சொன்னதை மறந்துவிடாதீர்கள். அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. அது தன் பிறவியில் சொன்ன முதல் பொய் இதுதான், அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டது.

"இங்க யாரும் இல்ல மேடம்!"

கொண்டலாத்தி 'யாரும் இல்லை' என்று எழுதிக்கொண்டது. அடுத்த கட்டத்துக்கு வந்தது.

"தகவல் கொடுத்தவர் பெயர்?"

பாதாளம் ஒரு வாய் மண்ணை விழுங்கியது. பிறகு சொன்னது. "ஈரம்மை."

கொண்டலாத்தி பழைய கோப்பை எடுத்துப் பட்டியலில் விரைவாக அலகை ஓட்டியது. ஏழாவது பெயரில் நிறுத்தியது. ஈரம்மை, வழிச் சேதாரம். செத்தவரே, 'யாரும் இல்லை' என்கிறார். பதிவேடும் அவர் இல்லை என்கிறது. இரண்டும் சரியாகப் பொருந்தியது. பதினோரு ஆண்டில் இவ்வளவு சுத்தமாகப் பொருந்திய படிவம் அதற்குக் கிடைத்ததே இல்லை. ஆள் இல்லாத இடத்தில் பெட்டி வைக்க விதி கிடையாது. முத்திரை குத்தியது, பெட்டியைத் தூக்கிக்கொண்டது, பறந்துபோனது.

பிறகு கார்மேகம் நிம்மதியாக ஓர் ஏப்பம் விட்டது. பாதாளம் பூமிக்குள் போய், வரப்புக்கு வந்ததிலிருந்து ஈரம்மைக்கு என்று ஒதுக்கிவைத்த இடத்தைத் தின்னாமல் விட்டுவிட்டு, பக்கத்து மண்ணைத் தின்னத் தொடங்கியது.

நீதி: வாயு எல்லா வயிற்றிலும் இருக்கிறது, ஒப்புக்கொண்டவரின் வாயுதான் உலகத்தைச் சூடாக்கும்.